சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு சிபேப் கருவி இரண்டும் இருந்தால் விமானிக்கான மருத்துவச் சான்று கிடைக்குமா?

கிடைக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் மூன்றாம் வகுப்புச் சான்றுக்கு (தனிப்பட்ட முறையில் பறப்பவர்களுக்கானது) டைப் 2 சர்க்கரையும் ஸ்லீப் ஆப்னியாவும் (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) சேர்ந்திருப்பது முட்டுக்கட்டை அல்ல; இரண்டும் கட்டுக்குள் இருந்தால் ‘ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்’ என்ற சிறப்பு அனுமதி வழியாகத் தருகிறார்கள். ஆனால் "இந்த வாரமே பரிசோதனைக்குப் போகலாமா" என்று கேட்டீர்களே, அது மட்டும் வேண்டாம்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் இழுபடுவதற்குப் பெரும்பாலும் நோயைவிடக் காகிதக் குறைதான் காரணம். மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணைய விண்ணப்பப் படிவத்தை, விமானிகளைப் பரிசோதிக்க எஃப்.ஏ.ஏ. நியமித்த விமான மருத்துவர் திறந்துவிட்டால் அது முறையான விண்ணப்பம், பாதியில் திரும்பப் பெற முடியாது. அதனால் முதலில் அவரிடம் வெறும் ஆலோசனைக்கு மட்டும் நேரம் கேளுங்கள்.

அதற்குமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை:

1. சிபேப் கருவியின் பதிவை இறக்கிப் பாருங்கள். குறைந்தது 75 சதவீத இரவுகளில், சராசரியாக 6 மணி நேரம் பயன்படுத்தியிருக்க வேண்டும். பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் 4 மணி நேரம் இங்கே போதாது. பலர் தடுக்கிவிழும் இடம் இதுதான்.

2. எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு புதிதாக இருக்கட்டும். சர்க்கரை மருத்துவரின் நிலை அறிக்கையும் வேண்டும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், மருத்துவச் சான்றுக்குப் பதிலாகக் கார் ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஸ்போர்ட் பைலட்டாக (சிறு விமானங்களுக்கான எளிய விமானி உரிமம்) பறக்கும் வழியும் அடைபடும். அந்தப் பயத்தில் எதையும் மறைத்துவிடாதீர்கள். படிவத்தில் பொய் சொல்வது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.