இனி சோறே தொடக் கூடாதா?

கேள்வி: வயது 42. எச்பிஏ1சி (கடந்த 2–3 மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 சதவீதம் வந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார் டாக்டர். சோற்றை அடியோடு நிறுத்த வேண்டுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பயப்படாதீர்கள். 5.7 முதல் 6.4 வரை இந்த நிலைதான், இதிலிருந்து மீண்டவர்கள் நிறைய. சோற்றை விட வேண்டாம், தட்டை மாற்றுங்கள்: பாதித் தட்டுக்கு அவரைக்காய், கீரை, கால் பங்கு சுண்டலோ மீனோ, மீதிதான் சோறு, அதுவும் காயை முதலில் சாப்பிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது. கேழ்வரகுக் கூழும் மாவுச்சத்துதான், சிறுதானியமாச்சே என்று சொம்பு சொம்பாகக் குடிக்காதீர்கள்.

சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, 7 சதவீத எடைக் குறைப்பு என்று இலக்கு வைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க ஆய்வொன்று 2002-லேயே காட்டியது. 3 மாதம் கழித்து டாக்டரைக் கேட்டு மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.