எஞ்சின் ஒன்றுதான், மைலேஜ் ஏன் வேறு?

கார் மைலேஜ் பற்றிய கேள்விகளுக்கு, வாகனச் சோதனைக்கூடத்தில் பணியாற்றிய ஒருவரின் பதில்கள்.

நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 20 கி.மீ. கிடைப்பது 14. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அந்த 20 சாலையில் எடுத்த அளவே அல்ல. காரை உருளைகள் மேல் ஏற்றி, எம்ஐடிசி என்ற அட்டவணைப்படி 1180 வினாடிகள் ஓட்டுவார்கள். வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டாது, ஏசி ஓடாது. நின்ற இடத்திலிருந்து 50-ஐ எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்ளும் கட்டமும் அதில் உண்டு. அண்ணா சாலையில் அப்படி நகர்ந்து பாருங்கள், பின்னால் வருபவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

என்னுடையது 1 லிட்டர் டர்போ, நண்பருடையது 1.5 லிட்டர் சாதா எஞ்சின். காகிதத்தில் நான் முன்னால், நெடுஞ்சாலையில் அவர். எப்படி?

உங்கள் வலது காலைத்தான் கேட்க வேண்டும். அந்த மெதுவான சோதனையில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் பெரிதாக வேலையே இல்லை. சிறிய எஞ்சின் சிக்கனமாகவே ஓடும். நீங்களோ நான்கு பேரை ஏற்றி, லாரியை முந்த அழுத்துகிறீர்கள். டர்போ காற்றைத் திணிக்க, அதற்கேற்பப் பெட்ரோலும் போகிறது. வெப்பம் கூடினால், எஞ்சினைக் குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோல் ஊற்றும் எஞ்சின்கள் உண்டு. பெரிய எஞ்சின் அதே வேலையைத் திணறாமல் செய்துவிடும். 80-இல் ஒருவாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: 80-இலிருந்து 110-க்குப் போனால் ஏறக்குறைய இருமடங்கு.

ஒரே மாடல், ஒரே வருடம். அண்ணன் காருக்கு 2 கி.மீ. கூடுதல்.

அகலமான டயர் உள்ள உயர்ரகமா உங்களுடையது? காற்றைச் சரிபார்த்து எத்தனை நாளாயிற்று? இரண்டும் இல்லையென்றால், பள்ளிக்கும் கடைக்கும் மூன்று கி.மீ. ஓட்டம்தான் காரணம். எஞ்சின் சூடேறும் முன்பே வீடு வந்துவிடுகிறது.

பழைய காரில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஊற்றுவதால் மைலேஜ் குறையுமா?

குறையும். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு (10 சதவீத எத்தனால் கலவை) சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் இழப்பு என்று நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது.

மீட்டர் காட்டும் சராசரியை நம்பலாமா?

பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க்கில், தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்புங்கள், 400 கி.மீ. ஓட்டியபின் அங்கேயே மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள்.