மீன் சேனலில் காசு எப்போது வரும்?

கேள்வி: காசிமேட்டில் மீன் பார்த்து வாங்குவது, ஆய்வது பற்றி யூடியூபில் ஷார்ட்ஸ் போடுகிறேன். 1,100 சப்ஸ்கிரைபர் இருந்தும் விளம்பரப் பணம் வரவில்லையே?
– வாசகி, ராயபுரம்

பதில்: 1,000 சப்ஸ்கிரைபரோடு, கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடிய நேரம் அதில் சேராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஷார்ட்ஸை மட்டும் நம்பினால் 90 நாளில் 1 கோடி பார்வை வேண்டும். அதற்கு ஏழெட்டு நிமிட வீடியோவே மேல். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வையில் கணக்கு முடிந்துவிடும்.

'காசிமேடு மீன்' என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பு வைக்காதீர்கள். 'நெத்திலி ஆய்வது எப்படி' என்றுதான் ஜனங்கள் தேடுவார்கள். ஏலச் சத்தத்தில் உங்கள் குரல் அமுங்கும். காலர் மைக் மாட்டுங்கள். டீக்கடைப் பாட்டு பதிவானால் காப்பிரைட் க்ளெய்ம் வந்து, வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கருவாட்டு வீடியோக்களை அந்த நாட்களில் போடுவதற்கென எடுத்து வையுங்கள்.

கூகுள் விளம்பரப் பணம் தரும் கணக்கான ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் பின் நம்பர் தபாலில் வரும். நம்மூரில் கதவுக்குப் பழைய எண், புதிய எண் குழப்பம் தீராதது, முகவரியில் இரண்டையும் எழுதுங்கள். 100 டாலர் எட்டினால்தான் பேங்கில் பணம் விழும்.