மலைப்பாம்பின் திட்டுகளும் கண்ணாடிவிரியனின் சங்கிலியும்

கேள்வி: வயல் வரப்பில் இரண்டடி நீளப் பாம்பு ஒன்று கிடந்தது. உடல் முழுவதும் பழுப்புத் திட்டுகள். கண்ணாடிவிரியன் என்று அஞ்சி அடித்துவிட்டார்கள். பிறகு ஒரு பெரியவர், அது மலைப்பாம்புக் குட்டி என்றார். எப்படி இனம் காண்பது?

பதில்: தங்கள் கடிதம் வருத்தம் தந்தது, இந்தத் தவறு பல ஊர்களில் நடக்கிறது. கண்ணாடிவிரியனின் முதுகில் கரிய விளிம்புள்ள நீள்வட்டங்கள் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசையாகச் சீராக ஓடும். செதில்கள் நடுவில் மேடிட்டுச் சொரசொரப்பாக இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகளோ ஒன்றைப்போல் ஒன்று இராமல், ஓரம் கிழிந்த துணித்துண்டுகளை ஒட்டியதுபோல் தோன்றும். செதில்கள் வழவழப்பாக மினுங்கும், தலையின் மேல் ஈட்டிமுனை போன்ற ஓர் அடையாளமும் உண்டு. ஆயினும் இவற்றை எட்ட நின்றே பார்க்க வேண்டும். மலைப்பாம்புக் குட்டிதான் என்று நம்பிக் கண்ணாடிவிரியனைக் கையில் எடுப்பது உயிருக்கே ஆபத்து. வனத்துறைக்குத் தெரிவிப்பதே சரி. மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம் என்பதால், அதைக் கொல்வது குற்றமும் ஆகும்.

கேள்வி: நஞ்சில்லாத இப்பாம்பு இரையின் எலும்பை நொறுக்கித்தான் கொல்கிறதா?

பதில்: இல்லை. உள்நோக்கி வளைந்த பற்களால் கவ்வி, உடலைச் சுற்றி இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில் இரையின் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. உதட்டுச் செதில்களில் உள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்வதால், இருளிலும் இரை இருக்கும் திசை அதற்குத் தெரியும்.

கேள்வி: முட்டையிட்டதும் தாய் போய்விடுமா?

பதில்: போகாது, பாம்புகளில் இது அரிய பண்பு. ஒன்றோடொன்று ஒட்டிய வெண்ணிற முட்டைக் குவியலைத் தன் உடலால் சுற்றி மூடிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் பெரும்பாலும் இரையே எடுக்காமல் தாய் கிடக்கிறது. குளிர் கூடும்போது அதன் உடல் விக்கல் எடுத்தாற்போல விட்டுவிட்டுத் துடிக்கும். அது நோயன்று; தசைகளைச் சுருக்கி அது தானே உண்டாக்கும் வெப்பம் முட்டைகளைக் காக்கிறது. குளிர்இரத்தப் பிராணி என்று நாம் பள்ளியில் படித்த ஒன்று இவ்வாறு சூடு உண்டாக்குவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் தங்கி, குளிர்காலத்தில் வளைவாயில் வெயில் காய்வதைக் காணலாம்.

குட்டிகள் பொரிந்த பின் தாய் அவற்றைப் பேணுவதில்லை. சுமார் இரண்டடி நீளத்துடன், தாயின் திட்டுகள் அப்படியே படிந்த உடலோடு அவை தனித்தனியே கலைந்து செல்கின்றன. வயல் வரப்பில் கண்ணாடிவிரியன் என்று நினைத்து அடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த வயதில்தான்.