ஐ.சி.யூ.வில் குழந்தை: குடலில் என்ன நடக்கிறது?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவரும் ஊட்டச்சத்து நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: பேரனுக்கு நிமோனியா, வென்டிலேட்டரில் இருந்தான். நோய் நுரையீரலில் இருக்க, டாக்டர்கள் தினமும் வயிற்றையும் மலத்தையும் பற்றியே விசாரித்தார்களே, ஏன்?
வாசகி, திண்டுக்கல்

பெருங்குடலுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகிற வகை. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குவது இவைதான். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். கிடைக்கும் உணவையும் இடத்தையும் இவை பிடித்துக்கொள்வதால் வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமி காலூன்ற முடிவதில்லை.

நோய் நுரையீரலில் இருந்தாலும், அது கடுமையானால் குடலின் இந்த ஏற்பாடு சில நாட்களிலேயே குலைகிறது. அதனால்தான் வயிற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலையில், குடலுக்கும் ரத்தம் குறைகிறது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகள் குடலின் அசைவை மந்தமாக்குகின்றன. சாப்பாடு நிற்கிறது. ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்துகொள்கின்றன. ஃபீகலிபாக்டீரியம், பிளாட்டியா போன்ற நல்ல பாக்டீரியாக்கள் தேய்ந்து, என்டரோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற தொற்று உண்டாக்கக்கூடியவை பெருகுகின்றன. ஐ.சி.யூ. குழந்தைகளின் நாக்கு, தோல், மலம் ஆகியவற்றை ஒப்பிட்டு 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடலின் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய கிருமிக் கூட்டத்தின் அடையாளமே மங்கியிருந்தது.

இந்த மாற்றம் நோயை வளர்க்கிறதா, நோயின் விளைவாக மட்டும் வருகிறதா என்பது இன்னும் முழுதாகப் பிரித்தறியப்படவில்லை. மலப் பரிசோதனையில் ‘நல்ல பாக்டீரியா குறைவு’ என்று வந்தாலும் அதை வைத்து இன்று சிகிச்சையை மாற்ற முடியாது. அதற்காகத் தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லலாமா?
வாசகர், ஈரோடு

கூடாது. செப்சிஸோடு (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) ஷாக்கும் இருக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்பது 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஷாக் இல்லையென்றால், பரிசோதித்து முடிவெடுக்க மூன்று மணி நேரம் வரை அவகாசம் உண்டு. முதல் டோஸில் பேரம் பேசக்கூடாது.

கேட்க வேண்டிய நேரம் 48 மணி நேரம் கழித்து வரும். எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா, அந்தக் கிருமிக்கு மட்டுமான மருந்துக்கு மாறலாமா, எந்த நாளில் நிறுத்துவதாகத் திட்டம் என்று கேளுங்கள். மெரோபெனம், பிப்பராசிலின்-டாஸோபாக்டம், மெட்ரோனிடசோல், கிளிண்டமைசின் ஆகியவை ஆக்சிஜன் வேண்டாத குடல் பாக்டீரியாக்களைக் கடுமையாக அழிப்பவை. வயிற்றில் ஓட்டை, சீழ்க்கட்டி என்றால் அவை தேவை. சாதாரண நிமோனியாவுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஊசியில் போடுவதால் குடலுக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம், பித்தநீர் வழியாகப் பல மருந்துகள் குடலில் இறங்குகின்றன.

பான்டோபிரசோல் போன்ற அமில மருந்தும் இதே கணக்கில் வரும். ட்யூப் வழியாகப் பால் ஒழுங்காக இறங்கத் தொடங்கி, ரத்தக்கசிவு அபாயமும் இல்லையென்றால் அது ஏன் தொடர்கிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மறுநாளே மூக்குக் குழாயில் பால் விடுகிறார்கள். குளுக்கோஸ் பாட்டில் போதாதா?
வாசகி, தஞ்சாவூர்

போதாது. குடல் பாக்டீரியாவுக்கு உணவு குடல் வழியாகத்தான் போக முடியும். ஐரோப்பியக் குழந்தைகள் தீவிர சிகிச்சை அமைப்பு 2020-ல், தடை ஏதும் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ட்யூப் ஃபீடிங்கைத் தொடங்கச் சொன்னது. அமெரிக்க வழிகாட்டுதல் 24 முதல் 48 மணி நேரம் என்கிறது. முதல் வார முடிவுக்குள் தேவையான கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு, புரதம் எடைக்கு ஒரு கிலோவுக்குத் தினம் குறைந்தது 1.5 கிராம் என்பதும் அதில் உண்டு.

10 கிலோ குழந்தையை வைத்துக் கணக்குப் போடுவோம். மணிக்கு 5 முதல் 10 மில்லியில் தொடங்கி, வாந்தியும் வயிறு உப்பலும் இல்லையென்றால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். புரதத் தேவை 15 கிராம். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம்தான் புரதம், ஆக ஒன்றரை லிட்டர் வேண்டும். திரவத்தை அளந்து தரும் ஐ.சி.யூ.வில் அது நடக்காது. அதனால்தான் புரதப் பொடியோ அடர்த்தியான ஃபீடோ சேர்க்கிறார்கள். தாய்ப்பால் தரமில்லை என்று பொருளல்ல.

பால் தடைப்படுவது பெரும்பாலும் குடலால் அல்ல. ஸ்கேனுக்கு எடுத்துப்போக வேண்டும், ட்யூப் மாற்ற வேண்டும் என்று நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க மறந்துவிடுவதுதான் காரணம். இரைப்பையில் மீந்த பாலை உறிஞ்சி அளந்து, அந்த அளவை மட்டும் வைத்து நிறுத்தும் பழைய வழக்கமும் உண்டு. அதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்பதே இன்றைய பரிந்துரை. குடல் அடைப்பு, குடலுக்கு ரத்தம் நின்றுபோதல், கட்டுக்குள் வராத ஷாக் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும்.

அவசரப்பட்டு நரம்பு வழியாக முழு ஊட்டச்சத்து ஏற்றுவதும் நல்லதல்ல. பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் 1,440 குழந்தைகளிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், அதை 24 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் 18.5 சதவீதம் பேருக்குப் புதுத் தொற்று வந்தது. ஒரு வாரம் பொறுத்தவர்களில் 10.7 சதவீதம்தான்.

தாய்மார்களுக்கு: இரவிலும் ஒருமுறை சேர்த்து, 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பால் பீய்ச்சினால்தான் சுரப்பு நிற்காது. கை கழுவி, சுத்தமான பாத்திரத்தில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்ற கணக்கு 25 டிகிரிக்கானது, நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கானதல்ல. உறைந்த பாலை இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தாய்ப்பால் வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் அதிலுள்ள பாக்டீரியா சாகும். ஆனால் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல குடல் பாக்டீரியாவுக்கு உணவாகும் தாய்ப்பால் சர்க்கரைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பவுடர் பால் என்றால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும், ட்யூபில் தொங்கவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

கேள்வி: மெடிக்கலில் கிடைக்கும் புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல கிருமி) சாஷே, அல்லது வீட்டுத் தயிரை நீர்க்கக் கரைத்து ட்யூபில் கொடுத்தால் நல்ல கிருமி திரும்பிவிடாதா? டாக்டர் மறுக்கிறார்.
வாசகர், திருநெல்வேலி

டாக்டர் சொல்வது சரி.

வெளியே பாதுகாப்பான பாக்டீரியா ஐ.சி.யூ.வில் அப்படி இருப்பதில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஐ.சி.யூ. பற்றி 2019-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். லாக்டோபேசில்லஸ் புரோபயாட்டிக் பெற்ற 522 பேரில் 6 பேருக்கு அதே பாக்டீரியா ரத்தத்தில் வளர்ந்தது. பெறாத 21,652 பேரில் 2 பேருக்குத்தான். மரபணுவை ஒப்பிட்டபோது ரத்தத்தில் இருந்தது காப்ஸ்யூலில் இருந்த பாக்டீரியாவேதான். ஒரு மாதிரியில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்புத்திறன்கூடப் புதிதாக உருவாகியிருந்தது.

சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஈஸ்ட் சாஷேவில் இன்னொரு சிக்கல். கட்டிலருகே சாஷேவைக் கிழித்தால் பொடி காற்றில் பரவி, கையிலும் ஒட்டி, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) வழியாக ரத்தத்துக்குப் போகலாம். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் ஆபத்து. சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கும், கடும் நோயாளிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் ஐரோப்பாவில் இது தடை. உறவினர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நன்மை காட்டிய ஆய்வுகளே இல்லையா? உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் வென்டிலேட்டரில் இருந்த 150 குழந்தைகளிடம் செய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், புரோபயாட்டிக் பெற்றவர்களுக்கு வென்டிலேட்டர் நிமோனியா குறைந்தது. ஆனால் யாருக்கு மருந்து போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சிறிய ஆய்வு அது. 2021-ல் பெரியவர்கள் 2,650 பேரிடம் மறைத்து நடத்தியபோது நிமோனியாவில் வித்தியாசம் இல்லை (புரோபயாட்டிக் பெற்றவர்களில் 21.9, பெறாதவர்களில் 21.3 சதவீதம்). ரத்தம் உள்ளிட்ட உடல் மாதிரிகளில் லாக்டோபேசில்லஸ் வளர்ந்தவர்கள் மட்டும் பெற்றவர்களில் 15 பேர், பெறாதவர்களில் ஒருவர்.

ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு ஏழு நாள் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் கொடுத்து, செப்சிஸும் இறப்பும் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்ததாக 2017-ல் வந்த செய்தியைச் சிலர் அனுப்பியிருக்கிறீர்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்த, நோயற்ற குழந்தைகள். ஐ.சி.யூ.வுக்கு அது பொருந்தாது.

தயிர் திரிதிரியாகத் திரண்டு ட்யூபை அடைக்கும். வீட்டுத் தயிரில் என்னென்ன கிருமி, எத்தனை என்று யாருக்கும் தெரியாது. நீராகாரத்துக்கும் இதே பதில்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பின் பேதி. மலத்தில் ‘சி. டிஃப்’ (ஆன்டிபயாடிக்குக்குப் பின் பேதி உண்டாக்கக்கூடிய பாக்டீரியா) பாசிட்டிவ். பயமாக இருக்கிறது.
வாசகி, சேலம்

ஒரு வயதுக்குள் உள்ள ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் குடலில் இது தொந்தரவில்லாமல் இருக்கும். அந்த வயதில் இந்த டெஸ்ட்டையே வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை. வேறு காரணம் தேடச் சொல்லுங்கள்: சிரப்பில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்பு, நீர்க்காமல் கொடுத்த பொட்டாசியம் சிரப், ஃபீடின் வேகம்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. இப்போதாவது புரோபயாட்டிக் தரலாமா?
வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் தேவையில்லை. நான்கு நாள் கடும் ஆன்டிபயாடிக் எடுத்த ஆரோக்கியமான 12 ஆண்களிடம் குடல் பாக்டீரியா ஒன்றரை மாதத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. சில வகைகள் ஆறு மாதமாகியும் தென்படவில்லை. 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாட்டிக் சாப்பிட்ட பெரியவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்ப அதிக நாளாயிற்று. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும், வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அதற்கு மேல் தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், குழைத்த பாசிப்பயறு, வாழைப்பழம், வெந்த காய்கறி என்று ஒவ்வொன்றாக, சிறிய அளவில். வாய்வழி சாப்பிடும் குழந்தைக்குத் தயிர்சாதம் தாராளமாகத் தரலாம். பேதி இருக்கும்போது பாட்டில் ஜூஸ் வேண்டாம், ஓ.ஆர்.எஸ். போதும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சென்ட்ரல் லைனோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கும் கீமோ நடக்கும் குழந்தைக்கும், டாக்டரைக் கேட்காமல் எந்தப் புரோபயாட்டிக்கும் கூடாது.