சாம்பார் வாளியும் மூன்றரை வயதும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, ஆனால் வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. எனக்கு மூன்றரை வயதில் பையன், பத்து மாதத்தில் பெண். போன ஞாயிறு இரவு இங்கே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கஃபேக்குப் போனோம். ஆர்டர் வர அரை மணிக்கு மேல் ஆனது. பையன் ஸ்பூனால் மேசையைத் தட்டினான், மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், பிறகு ஓட ஆரம்பித்தான். பாப்பா அழுதாள். பக்கத்து மேசைக்காரர்கள் சர்வரைக் கூப்பிட்டு வேறு இடம் கேட்டு மாறிக்கொண்டார்கள். போகும்போது அந்தப் பெண், "குழந்தைங்கள வீட்ல விட்டுட்டு வரலாம்ல" என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னார். கடைசியில் போனைக் கொடுத்துத்தான் பையனை உட்காரவைத்தேன்.

என் கணவருக்கு ஒரே அவமானம். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஹோட்டலே வேண்டாம் என்கிறார். மாமியார், "எங்க காலத்துல கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு யாரு ஹோட்டலுக்குப் போனாங்க" என்கிறார். வெளிநாடுகளில் குழந்தைகளை அனுமதிக்காத உணவகங்கள் இருக்கின்றன, இங்கேயும் அப்படி வர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வாரம் முழுக்க மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். ஒரு ஞாயிறு இரவு வெளியே சாப்பிட ஆசைப்படுவது தப்பா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

தப்பில்லை. இரண்டு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஸ்பூன், அழுகை, பக்கத்து மேசைப் பெண் எல்லாவற்றையும் நின்று சொல்கிறீர்கள். நடுவில் "பிறகு ஓட ஆரம்பித்தான்" என்று மூன்றே சொல். எனக்கு அந்த ஒன்றுதான் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் மாமியார். அவர் சொல்வது உண்மைதான், அதற்காக அவரோடு சண்டை போடாதீர்கள். நம் ஊர் ஹோட்டல் குடும்பத்துக்காக உருவான இடமே இல்லை. ஊரைவிட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கிய குமாஸ்தா, கோர்ட் வேலையாக வந்த கிராமத்துக்காரர், மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்த வாத்தியார் இவர்களுக்காக வந்தது. அதிலும் யார் உட்காரலாம், எங்கே உட்காரலாம் என்பதற்கே பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் பெரியார் தொடர் மறியல் நடத்தினார். பெண்கள் வந்தால் தனியே ஒதுக்க 'ஃபேமிலி ரூம்' என்று பாதிக் கதவோ திரைச்சீலையோ போட்ட அறைகள் இருந்தன. மின்விசிறி சரியாக ஓடாத, சர்வர் கடைசியாக எட்டிப் பார்க்கும் அறைகள் அவை. பயணம் என்றால் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போனோம். ஹோட்டல் பண்டம் குழந்தைகளுக்கு வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றிய பார்சலாகத்தான் வீட்டுக்கு வந்தது. ஆகவே சின்னக் குழந்தையோடு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் நம்மிடம் அதிகம் போனால் ஒரு தலைமுறைப் பழசு. எப்படி உட்காருவது என்று உங்களுக்குச் சொல்லித்தர உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஹோட்டல்காரர்களுக்கும் முழுதாகத் தெரியவில்லை என்பதை, குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கை கழுவவைக்கும் ஒவ்வொரு வாஷ்பேசினிலும் பார்க்கலாம்.

அப்புறம், நீங்கள் போனது கஃபே. அது வேறு மாதிரி இடம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஒரு டிபன் ஹோட்டலில் உங்கள் பையன் ஸ்பூனால் தட்டியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. டேபிள் துடைப்பவர் எவர்சில்வர் தட்டுகளைத் தொட்டியில் வீசும் சத்தம், "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்" என்று உள்ளே போகும் குரல், நம் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று எப்போது எழுந்திருப்போம் என்று பார்க்கும் குடும்பத்தின் பெருமூச்சு, எல்லாம் சேர்ந்து அதை விழுங்கியிருக்கும். கஃபேயில் சிமென்ட் பூச்சு தெரியும் சுவர், பெரிய கண்ணாடி, வெறும் தரை. ஒலியை உறிஞ்ச ஒரு துணித் திரைகூட இருக்காது. அங்கே ஸ்பூன் சத்தம் சுவருக்குச் சுவர் திரும்பி வரும். தவிர, அங்கே வருபவர்கள் காசு கொடுப்பது காபிக்கு மட்டும் இல்லை, நாற்காலிக்கும் நேரத்துக்கும் சேர்த்து. அந்தப் பெண் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்ததில் தவறு எதுவும் தெரியவில்லை.

குழந்தைகளுக்குத் தடை போடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் மிக அதிகம் பேசப்படுவது தென் கொரியா. 'நோ கிட்ஸ் ஸோன்' என்று வாசலிலேயே எழுதி வைத்த கஃபேக்களும் உணவகங்களும் அங்கே நிறைய. ஜேஜு தீவில் 13 வயதுக்கு உட்பட்டவர்களை விடாத ஓர் இத்தாலிய உணவகம் பற்றிய புகாரில், அது பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017இல் சொன்னது. ஆணையத்தின் பரிந்துரைக்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை. பலகைகள் இன்னும் இருக்கின்றன. உலகத்திலேயே பிள்ளைப்பேறு மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றில் இது நடக்கிறது என்பதை அங்குள்ளவர்களே கசப்போடு சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்தப் பலகையில் உடன்பாடு கிடையாது. 'உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஓடக் கூடாது' என்று ஒரு கடை எழுதி வைத்தால் அது எல்லோருக்குமான விதி. முப்பது வயது ஆள் ஸ்பீக்கரில் போன் பேசினாலும் அதே முகத்தோடு போய்ச் சொல்லலாம். 'மூன்று வயது என்றால் வராதே' என்பது அப்படி இல்லை. நடைமுறையில் அது வராதே என்று சொல்வது மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவை. மறுபடி திரைச்சீலை போட்ட அறைதான்.

இப்போது ஓட்டம். சர்வர் சமையற்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருகிறார். ஒரு கையில் வரிசையாகத் தட்டுகள், மறு கையில் சாம்பார் வாளி. கண் ஏழாம் நம்பர் மேசை மேல். இடுப்புக்குக் கீழே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பையனின் தலை சரியாக அந்த வாளியின் உயரத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. நமக்குச் சிவந்து போகிற அதே சூடு அவர்களுக்கு ஆழமான காயமாகும். அதோடு சர்வரின் காலும் பிழைப்பும் இருக்கிறது. வாளி கொட்டினால் அன்றைக்கு ஏச்சு வாங்குவது ஓடிய குழந்தையோ அதன் அப்பாவோ இல்லை. கத்தல், அழுகை, சிந்தல் எல்லாவற்றுக்கும் உங்களோடு நான் நிற்பேன். ஓட்டத்துக்கு மட்டும் நிற்க மாட்டேன். சிரித்துக்கொண்டே "டேய் வாடா" என்று நாற்காலியிலிருந்து கூப்பிடும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓடாமல் இருக்க வேண்டுமென்றால் பசி முற்றும்முன் சாப்பாடு வாயில் இருக்க வேண்டும். அரை மணி நேரக் காத்திருப்பில் மூன்றரை வயது ஓடத்தான் செய்யும், அதில் வளர்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே ஞாயிறு எட்டு மணியை விட்டுவிடுங்கள். ஆறு, ஆறரைக்கு அன்னபூர்ணா மாதிரி இடத்துக்குப் போனால் மூலை மேசையும் கிடைக்கும், சர்வருக்கு நின்று பேச நேரமும் இருக்கும். சுவர்ப் பக்கம் பிள்ளைகள், நடைபாதைப் பக்கம் நீங்கள். உட்காரும்போதே மெனு பார்க்காமல் அவனுக்கு இட்லி சொல்லிவிடுங்கள். அது வெந்து தயாராக இருக்கும், இரண்டே நிமிடத்தில் வரும். சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மிதக்கவிட்டுக் கொண்டுவந்தால் ஆறவைப்பதற்குள் யுத்தம் முடிந்துவிடும். கோன் தோசை குழந்தைகளுக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருக்கும். தொப்பியாக வைத்துப் பார்ப்பான், பிறகு நொறுக்குவான். தின்பது கால்வாசி.

பாப்பாவுக்கு மசித்த இட்லி போதும், சாம்பார்கூட வேண்டாம். ஹோட்டல் உப்பு அவளுக்கு அதிகம். பொங்கலில் முழு முந்திரி, முழு மிளகு, எலுமிச்சைச் சோற்றில் வேர்க்கடலை: இவையெல்லாம் தொண்டையில் சிக்கக்கூடியவை. பையனுக்குமே கடலையை முழுதாகக் கொடுக்க வேண்டாம். கஃபேயில் பான்கேக் மேல் தேன் ஊற்றுவார்கள், ஒரு வயது முடியும்வரை பாப்பாவுக்கு அது ஒரு சொட்டும் ஆகாது. பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வர வாய்ப்புண்டு. காபி டம்ளரை டபராவோடு மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவையுங்கள். பத்து மாதக் கைக்கு எட்டும் தூரத்தை நாம் எப்போதும் குறைவாகவே கணக்குப் போடுவோம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ரோடமைன்-பி சாயம் கலந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தடை. குழந்தை முதலில் கை நீட்டும் இரண்டும் அவைதான் என்பதால் சொல்கிறேன். எதில் தொட்டுச் சாப்பிடுகிறான் என்று ஒரு கண் இருக்கட்டும்.

போன் விஷயத்தில் நீங்கள் உங்களையே ரொம்ப அடித்துக்கொள்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பில்லுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் அதற்குள் அடங்கும். சாப்பிடும்போது மட்டும் கொடுக்காதீர்கள். வாயில் போவது தோசையா சப்பாத்தியா என்று தெரியாமல் விழுங்கும் பிள்ளை ஹோட்டலுக்கு வந்ததாகவே கணக்கில்லை. சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால், அழும் குழந்தை எனக்குத் தொந்தரவே இல்லை. முழு வால்யூமில் ஓடும் ரைம்ஸ்தான் தாங்க முடிவதில்லை. அழுகை ஓயும், அது ஓயாது.

போனுக்குப் பதில் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். "அண்ணா, எனக்கு ரெண்டு இட்லி" என்று அவனே சொல்லட்டும். நம் ஊர் சர்வர்களுக்கு இது பிடிக்கும், "தம்பிக்கு சட்னி வேணுமா, சர்க்கரை வேணுமா" என்று குனிந்து கேட்பார்கள். இப்போது பல ஹோட்டல்களில் பரிமாறுபவர்கள் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பையன்கள். தமிழை மேசை மேசையாகக் கற்றுக்கொண்டவர்கள். மூன்றரை வயதுத் தமிழ் அவர்களுக்கு நம்முடையதைவிடச் சுலபமாகப் புரிகிறது.

சிந்தியதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பெரிய பருக்கைகளை டிஷ்யூவால் கூட்டித் தட்டில் போட்டுவிட்டு எழுந்திருங்கள். மேசைக்கு அடியில் குனிந்து துடைப்பவர் பெரும்பாலும் சர்வர் இல்லை, வேறு ஆள். பில் அட்டைக்குள் நாம் வைக்கும் சில்லறை எல்லா இடத்திலும் அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. அவர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். அவமானமாக இருந்தது என்கிறார். அன்றைக்கு அழுத பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது யார் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததிலிருந்தே ஊகித்துக்கொண்டேன். அழுகை அடங்காவிட்டால் வெளியே தூக்கிப் போவதுதான் சரி, வேறு வழி கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பார்க்கிங் பக்கம் நின்று செக்யூரிட்டியின் விசிலை வேடிக்கை காட்டுபவர் அம்மாவாகவும், உள்ளே ஆறிப்போவது அவருடைய தட்டாகவுமே இருக்கிறது. முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு முதல் முறை அவருடையது. நீங்கள் இட்லி சொல்லுங்கள், அவருக்கு நெய் ரோஸ்ட் சொல்லிவிடுங்கள். அது வருவதற்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.