விமர்சனத்தை எடுத்தால்தான் பணமா?

கேள்வி: 1835-ஆம் ஆண்டு போட்ட வில்லியம் மன்னர் வெள்ளி ரூபாய் என்று ஒரு விற்பனைத் தளத்தில் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எடை போட்டால் 9.3 கிராம்தான். அதே ஜோரில் 'போலி, ஏமாற்றுக்காரன்' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டேன். அந்த விமர்சனத்தை எடுத்தால்தான் விற்றவர் பணத்தைத் திருப்பித் தருவாராம், இல்லையென்றால் அவதூறு வழக்காம். அவருடைய ஐந்து நட்சத்திரங்களில் பாதி அவர் ஆட்களே போட்டதாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல்லை எடுங்கள். விமர்சனத்தை எடுக்க வேண்டாம், அந்தச் சொல்லை மட்டும்.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்து கொஞ்சம் குறையும், சரி, ஆனால் இரண்டு கிராமுக்கு மேல் குறைந்ததைத் தேய்மானக் கணக்கில் எழுத முடியாது. 'இவ்வளவு எடை இருக்க வேண்டும், எனக்கு வந்தது இவ்வளவு' என்று தராசுப் படத்தோடு போட்டால் அது நீங்கள் கண்ட விஷயம். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, அவரையே யாராவது ஏமாற்றினார்களா என்பது உங்களுக்குத் தெரியாதே! வந்த காசைப் பார்த்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அவதூறு மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவில், பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கும், தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கும் விலக்கு இருக்கிறது. போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம் இது, அவர்தான் நீதிமன்றம் போக வேண்டும்.

பணம் வேறு கணக்கு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் போலியையும் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. அதற்கு 'விமர்சனத்தை எடு' என்று நிபந்தனை போட அவருக்கு உரிமை இல்லை. அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கி வையுங்கள், நாளைக்கு உங்களுக்குத்தான் உதவும்.

விற்பவரே வாங்கியவர் போல விமர்சனம் எழுதுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. ஆனால் உங்கள் சந்தேகத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், கையில் ஆதாரம் இல்லை. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த விதிகள் பொருந்த, விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும். எப்போதாவது சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு காசை விற்பவர் இந்த விதிகளுக்குள் வரமாட்டார். நாணயச் சேகரிப்பாளர்களிடையே அப்படிப்பட்டவர்கள் நிறைய.

நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலே வாதாடலாம் (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) ஆதாரமாகத் தரும்போது, மின்னணு ஆதாரங்களுக்கான சான்றையும் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம், 63-வது பிரிவு) சேர்த்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்.

காசைத் திருப்பி அனுப்புவதற்கு முன் தராசில் வைத்து, இரு பக்கமும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வந்துவிட்டால் விமர்சனத்தின் அடியில் 'பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அதுவும் நடந்ததுதானே.